சில்வர் ஓக்கைக் காடு என்று எண்ணலாமா?

பிப்ரவரி 9, 2025. சேலம் அஸ்தம்பட்டி வாசகர் ஒருவர் எழுதியதில் இது தொடங்கியது:

"ஏழையாக இருக்கும்வரை ஒரு நாடு காட்டை வெட்டும், கையில் காசு புரளத் தொடங்கினால் காடு தானாகத் திரும்பும் என்று படித்தேன். நம் ஏற்காட்டைப் பாருங்கள். என் சின்ன வயதில் கோரிமேட்டில் நின்று பார்த்தால் பாதி மலை மொட்டை. இப்போது பல வளைவுகளில் சாலையில் வெயிலே விழுவதில்லை. சுற்றுலா வந்தது, காபிக்கு விலை வந்தது, மரமும் வந்தது. அப்புறம் எதற்கு இத்தனை சட்டம், இத்தனை திட்டம்?"

பிப்ரவரி 9, இரவு

பாதி சரி. மீதிப் பாதிக்காகத்தான் பதினோரு மணிக்கு உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நான் அடிவாரத்தில் பிறந்தவன். நீங்கள் பார்த்த அந்த மொட்டையில் எங்கள் வீட்டுக்கும் பங்கு உண்டு. அம்மா விடியற்காலை நாலு மணிக்குக் கொடுவாளோடு மலையேறுவார். பழைய சேலையைச் சுருட்டிச் சும்மாடு வைத்து, பத்து மணிக்கு ஒரு தலைச்சுமை விறகோடு இறங்குவார். டீக்கடையில் அதைப் போட்டுவிட்டு அரிசி வாங்கி வந்தால்தான் உலை. முதலில் காய்ந்த குச்சி பொறுக்கினார்கள். அது தீர்ந்ததும் கிளை. கிளை தீர்ந்ததும் மரத்தைப் பட்டையுரித்துக் காயவிட்டு, அடுத்த மாதம் போய் "காய்ந்த மரம்" என்று வெட்டினார்கள். பாரஸ்ட்டுக்காரர் கொடுவாளைப் பிடுங்கிக்கொள்வார். மறுநாள் புதுக் கொடுவாள். இப்படியே இருபது வருடம்.

அந்தச் சுமை எப்போது நின்றது தெரியுமா? 2006 தேர்தலுக்குப் பிறகு வந்த இலவச காஸ் அடுப்பில். அதற்கு முன்பே டீக்கடைகள் சிலிண்டருக்கு மாறியிருந்தன, ஆகவே வாங்க ஆளும் இல்லை. ஆக, மலையைக் காப்பாற்றியது ஒரு திட்டம்தான். அந்தத் திட்டத்தின் பெயரில் "காடு" என்ற சொல்லே இல்லை, அவ்வளவுதான்.

பிப்ரவரி 10

ஒன்றை விட்டுவிட்டேன். ரேஷன் அரிசி. 2008இல் கிலோ ஒரு ரூபாய், 2011இலிருந்து இலவசம். மேலே என் மனைவியின் ஊரில் சரிவுகளில் சாமையும் ராகியும் போடுவார்கள். மூன்று போகம் எடுத்ததும் மண் வெளுத்துவிடும், பக்கத்துச் சரிவைத் திருத்துவார்கள். அரிசி வந்ததும் அந்தச் சரிவுகளைக் கைவிட்டார்கள். இன்று அங்கே புதர், புதருக்குள் இளம் மரங்கள். சாமைச் சோறு போனது என் மாமனாருக்கு இன்னமும் வருத்தம். நகரத்தில் அதையே "சிறுதானிய உணவகம்" என்று பெயர் வைத்து இருநூறு ரூபாய்க்கு விற்கிறார்கள் என்று சொன்னேன். நம்பவில்லை.

பிப்ரவரி 12

இப்போது "மரம் வந்தது" என்ற இடத்துக்கு வருகிறேன்.

இந்திய வன அளவைத் துறை செயற்கைக்கோள் படத்தை வைத்துக் கணக்குப் போடுகிறது. ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் 10 சதவீதம் மரநிழல் இருந்தால் அது காட்டுப் பரப்பு. நிலம் யாருடையது, என்ன மரம் என்ற கேள்வி கிடையாது. தென்னந்தோப்பும் காடு, காபித் தோட்டத்து நிழல் மரமும் காடு. தமிழ்நாட்டின் பரப்பில் சுமார் 20 சதவீதம் காடு என்கிறோமே, அதில் என் மாமனாரின் இரண்டரை ஏக்கர் காபித் தோட்டமும் எங்கோ ஒளிந்திருக்கக்கூடும். அவருக்குத் தெரிந்தால் மீசையை முறுக்குவார்.

ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலையில் காபியைக் கொண்டுவந்து நட்டவர் 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன். சோலைக்காட்டைத் திருத்திவிட்டுத்தான் காபி வைத்தார்கள். காட்டை அழித்து வந்த பயிர், இருநூறு வருடம் கழித்துக் காட்டுக் கணக்கில் நிற்கிறது. நான் குறை சொல்லவில்லை. மரவள்ளி போட்டு மண்ணை அரித்துவிடுவதைவிட நிழலில் காபி ஆயிரம் மடங்கு மேல். ஆனால் அஸ்தம்பட்டி ஐயா வெயில் விழவில்லை என்றாரே, அந்த நிழலில் பெரும்பங்கு சில்வர் ஓக். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம். நேராக ஏறும், மிளகுக்கொடி பிடித்துக்கொள்ளும், பத்துப் பதினைந்து வருடத்தில் காசு. அதன் அடியில் நின்று பாருங்கள், சருகு சீக்கிரம் மக்காமல் மெத்தை போலக் கிடக்கும். பழம் கிடையாது. பக்கத்தில் ஒரு அத்தி மரம் இருந்தால் குருவிச் சத்தத்தில் காது அடைக்கும், ஓக்கில் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு ஒரு மரங்கொத்தி.

பிப்ரவரி 16

வெளிநாட்டு உதாரணம் கேட்ட அயோத்தியாப்பட்டணம் தம்பிக்கு:

மத்திய அமெரிக்காவில் உள்ள கோஸ்டா ரிக்கா. 1980களில் அங்கே காடு நாலில் ஒரு பங்காகச் சுருங்கியிருந்தது. இன்று பாதி நாட்டுக்கு மேல். 1996இல் ஒரு சட்டம் போட்டார்கள். இயற்கைக் காட்டை வேறு பயன்பாட்டுக்கு மாற்றத் தடை. கூடவே, காட்டை வைத்திருப்பவருக்கு மாதச் சம்பளம் மாதிரி ஒரு தொகை. நீரைக் காக்கிறாய், காற்றிலுள்ள கரியமில வாயுவைப் பிடித்து வைக்கிறாய், பிற உயிர்களுக்கு இடம் தருகிறாய், அழகையும் காக்கிறாய், இதற்குக் கூலி. பணம் எங்கிருந்து? பெரும்பகுதி பெட்ரோல், டீசல் வரியில் ஒரு பங்கு.

இதை நம் இருபது கொண்டை ஊசி வளைவுக்குப் போட்டுப் பாருங்கள். சனிக்கிழமை மேலேறும் கார்கள் முதல் கியரில் குடிக்கிற பெட்ரோலுக்கு வரி வாங்கினாலே மலைக்காரன் வீட்டுக்கு ஒரு மாடு வாங்கிக் கொடுக்கலாம்.

பிப்ரவரி 17

நேற்று எழுதியதைக் காலையில் படித்தேன், கொஞ்சம் அள்ளிவிட்டிருக்கிறேன்.

முதலில், "மாதச் சம்பளம்" தவறு. ஒப்பந்தம் போட்டு, வருடக் கணக்கில் தருவது. இரண்டாவது, காடு திரும்பியதற்கு அந்தக் கூலி மட்டும் காரணமில்லை. மாட்டிறைச்சி விலை விழுந்தது, மேய்ச்சலுக்குக் கொடுத்த மலிவுக் கடன் நின்றது, அதனால் மேய்ச்சல் நிலம் புதராகி மரமாகத் தொடங்கியிருந்தது. கூலி வாங்கிய நிலத்தில் பலதை உரிமையாளர் எப்படியும் வெட்டியிருக்க மாட்டார் என்று ஆய்வாளர்கள் வாதாடுகிறார்கள். எங்கள் சாமைச் சரிவும் அப்படித்தானே திரும்பியது, ஒருவர் கையிலும் காசு வைக்காமல்.

அப்படியென்றால் அஸ்தம்பட்டி ஐயா சொன்னதுதான் சரியா? இல்லை. கடன் நின்றது என்பதும் ஓர் அரசு முடிவுதான். பிரேசிலில் 2004இல் ஒரே வருடத்தில் 27,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் அமேசான் காடு போனது, 2012இல் அது 5,000க்கும் கீழே. அந்தச் சமயத்தில் நாடு ஏழையாகிவிடவில்லை, மாடும் சோயாவும் குறைந்துவிடவில்லை. செயற்கைக்கோளில் பார்த்து உடனே ஆள் அனுப்பினார்கள். புதிதாக வெட்டிய நிலத்துச் சோயாவை வாங்குவதில்லை என்று 2006இல் வியாபாரிகள் கைகோத்தார்கள். 2008இல் சட்டத்தை மதிக்காத பண்ணைக்கு வங்கிக் கடன் இல்லை என்றார்கள். பிற்பாடு பிடி தளர்ந்தது, வெட்டும் ஏறியது, ஆட்சி மாறியதும் மறுபடி இறங்கியது. தானாக நடக்கிற காரியம் என்றால் தேர்தலுக்குத் தேர்தல் இப்படி ஆடுமா?

நான் முப்பது வருடம் கடன் பிரிவில் குப்பை கொட்டியவன். எங்கள் விண்ணப்பத்தில் கிணறு, மோட்டார், மாட்டுக் கொட்டகை எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. நிற்கிற மரத்துக்குக் கட்டம் இருந்ததில்லை.

மார்ச் 2

சொல்ல வேண்டாம் என்று நினைத்தேன். எங்கள் தோட்டத்திலும் ஏன் ஓக் என்று கேட்டுவிட்டீர்கள்.

2019 ஐப்பசி மழையில் எங்கள் தோட்டத்துப் பலா சாய்ந்தது. மாமனாரின் அப்பா காலத்து மரம், இரண்டு ஆள் சேர்ந்து கட்டிப்பிடிக்கலாம். விழுந்த வேகத்தில் இருபது காபிச் செடிகளைப் படுக்கவைத்துவிட்டது. அறுத்து எடுக்கலாம் என்றால் மலைப்பகுதியில் மரத்துக்குக் கை வைக்க அனுமதி வேண்டும், 1955ஆம் வருடச் சட்டம். சரி என்று மனு எழுதினேன். விழுந்த மரம்தான் என்று சான்று கேட்டார்கள். விழுந்து கிடக்கிறதே, வந்து பாருங்கள் என்றேன். பார்க்க வேண்டியவர் மாற்றலாகிப் போனார். அப்புறம் பட்டாவில் மாமனாரின் பெயரில் ஒரு கொம்பு விட்டுப்போயிருந்தது. அது முடிந்ததும் கொரோனா. எட்டு மாதம் கழித்துத் தாள் கைக்கு வந்தபோது மரத்துக்குள் கறையான் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. வீட்டுக் கதவுக்கு ஆகும் என்று நினைத்த பலகை, காபிக் கொட்டை வறுக்க விறகானது.

அந்த இடத்தில் என்ன நட்டோம்? சில்வர் ஓக். ஆறு. பலா நட்டால் பேரன் காலத்தில் இதே கூத்து, ஓக் என்றால் அனுமதி சுலபமாக வரும், வாங்குகிறவனே தாள்களையும் பார்த்துக்கொள்வான் என்றார் மாமனார். எனக்குப் பதில் வரவில்லை.

சந்தனமும் அப்படித்தான். 2002இல் சட்டத்தை மாற்றும்வரை, உங்கள் கொல்லையில் தானாக முளைத்த சந்தனமும் உங்களுடையதல்ல. பக்கத்து வீட்டுத் தாத்தா வேலியோரம் சந்தனக் கன்று தலைகாட்டினால் செருப்புக் காலால் திருகிவிட்டுப் போவார். "வளர்ந்தா திருடன் வருவான், திருடன் போனா போலீஸ் வரும்" என்பார். காப்பாற்றத்தான் அந்தச் சட்டம் போட்டார்கள். கன்று செத்தது அவர் காலடியில்.

மார்ச் 3

நாகலூர்க்காரர் ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார், ஓக் வெட்டிய காசில்தான் மகளை இன்ஜினியரிங் படிக்கவைத்தேன், மலைக்கு வெளியே இருந்துகொண்டு மரத்துக்குச் சாதி பார்க்காதீர்கள் என்று. வாங்கிக்கொள்கிறேன். என் மைத்துனன் கல்யாணமும் ஓக்கில் நடந்ததுதான். ஓக்கை வெட்டு என்று நான் சொல்லவில்லை, பலாவுக்கும் அந்தச் சுலபத்தைக் கொடு என்கிறேன்.

மார்ச் 15

மணக்காடு அக்கா திருத்தியிருக்கிறார், முழுசாகச் சரி. "காஸ் வந்ததும் விறகு நின்றது என்று எழுதியிருக்கிறீர்களே தம்பி, சிலிண்டர் ஆயிரத்து நூறைத் தாண்டியபோது அடிவாரத்துப் பக்கம் வந்து பார்த்தீர்களா?"

போன ஞாயிறு போய்ப் பார்த்தேன். எங்கள் பழைய தெருவில் பதினொரு வீட்டில் ஏழு வீட்டுப் பின்புறம் விறகடுப்பு இருக்கிறது. சமையல் காஸில். குளிக்க வெந்நீர், மாட்டுக்குக் கஞ்சி, பொங்கல் தீபாவளி எல்லாம் விறகில். 2023இல் விலையைக் குறைத்த பிறகும் அந்த அடுப்பை இடிக்கவில்லை. "எதுக்கும் இருக்கட்டும்" என்றார் சின்னம்மா. ஆனால் எரிவது காட்டு விறகல்ல. வேலிச் சீமைக் கருவேலம், தோட்டங்களில் கவாத்து செய்த குச்சி, தச்சுப்பட்டறைக் கழிவு. மலையேற இப்போது ஆளில்லை. பெண்கள் நூறு நாள் வேலைக்கோ மில்லுக்கோ போகிறார்கள், ஒரு தலைச்சுமைக்கு ஆறு மணி நேரம் கொடுக்க யாருக்கும் கட்டுப்படியாகாது. ஆக, என் முதல் குறிப்பில் அடுப்புக்குக் கொடுத்த மாலையில் பாதியைக் கழற்றிக் கூலிக்குப் போடுகிறேன்.

தென்கொரியாவிலும் இதே கதைதான். போருக்குப் பிறகு மொட்டையாகிக் கிடந்த மலைகள். 1973இல் போட்ட பத்து வருட மரம் நடும் திட்டத்தை ஆறே வருடத்தில் முடித்தார்கள் என்று பெருமையாகச் சொல்வார்கள். அதற்குப் பக்கத்திலேயே வீட்டு அடுப்புக்குக் கரிக்கட்டி வந்ததையும், ஜனங்கள் ஊரைவிட்டு ஆலைக்குப் போனதையும் சொல்ல வேண்டும். அடுப்பை மாற்றாமல் நட்டிருந்தால் நட்டதும் அடுப்புக்கே போயிருக்கும்.

மார்ச் 23

இரண்டு நாளாக எதிர்ச் சரிவில் தீ. இரவில் செம்பருத்தி மாலை போட்டதுபோல இருக்கிறது, ஆனால் ரசிக்க முடியவில்லை. உண்ணிச்செடி காய்ந்து கிடந்தால் ஒரு பீடித் துண்டு போதும். மேய்ச்சலுக்கும் விறகுக்கும் ஆள் போன காலத்தில் புதர் இவ்வளவு அடர்ந்ததில்லை, தீ வைத்ததும் அந்த ஆட்கள்தான், அணைத்ததும் அவர்கள்தான். இன்று அணைக்க ஓடும் வனத்துறை வாட்சர்களோடு போக ஊரில் இளவட்டம் இல்லை. வேறு எழுதத் தோன்றவில்லை.

ஏப்ரல் 6

மழை பெய்து பூ எடுத்துவிட்டது. தோட்டம் மல்லிகைப் பந்தல் போல வெள்ளை. நல்ல மனநிலையில் குழுக்களைப் பற்றி.

1997இல் ஜப்பான் கடனுதவியில் தமிழ்நாடு காடு வளர்ப்புத் திட்டம் வந்தது. ஊருக்கு ஊர் கிராம வனக்குழு. அம்மாவும் உறுப்பினர். தடுப்பணை கட்டினார்கள், கன்று நட்டார்கள், காட்டுக்குப் போகாமல் இருக்கச் சுழல் நிதியில் கடன். அம்மா ஒரு கறவை மாடு வாங்கினார், கடனை அடைத்தார், மாட்டுக்கு லட்சுமி என்று பெயர் வைத்தார். தடுப்பணைக்குக் கீழே இரண்டு கிணறுகள் ஊறின. பணம் இருந்தவரை கூட்டம் நடந்தது. திட்டம் முடிந்ததும் பலகை மட்டும் மிச்சம். இப்போது அதில் டியூஷன் விளம்பரம்.

நேபாளத்திலும் இதையேதான் செய்தார்கள், ஒரு வித்தியாசத்தோடு. 1993 சட்டத்தில் காட்டை ஊர்க்குழுவிடம் ஒப்படைத்து, விற்கிற மரம், இலை, தழையின் வருமானத்தைக் குழுவே வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். 1992இல் நாட்டில் 26 சதவீதமாக இருந்த காடு 2016 வாக்கில் 45. அங்கும் ஊர் காலியாகி நிலம் தரிசானது ஒரு காரணம், மறைக்கவில்லை. ஆனால் எங்கள் குழு என்ன விற்க முடிந்தது? காவல் காக்கும் கடமை மட்டும் இருந்தது.

நம்மிடமும் சட்டம் இருக்கிறது. 2006 வன உரிமைச் சட்டம், ஊர்ச் சமூகக் காட்டைக் காக்கவும் நிர்வகிக்கவும் கடுக்காய், புளி, தேன் போன்றவற்றை எடுத்து விற்கவும் கிராம சபைக்கு உரிமை தருகிறது. தமிழ்நாட்டில் 2008இல் வந்த உயர் நீதிமன்ற இடைக்கால உத்தரவால் பட்டா கொடுப்பதே பல வருடம் முடங்கியது, 2016இல் உச்ச நீதிமன்றத்தில்தான் முடிச்சு அவிழ்ந்தது. என் மனைவியின் ஊரில் கடுக்காயை இன்னமும் வியாபாரி வைத்த விலைக்குத்தான் கொட்டுகிறார்கள். ஈஞ்சு மாறும், அதாவது துடைப்பமும், அப்படியே. சேலம் கடைவீதியில் அதே மாறுக்கு என்ன விலை என்று கேட்டுவிட்டு வந்து மாமியார் ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை.

மே 11

சேர்வராயன் கோயிலுக்குப் போய் வந்தோம். உச்சியில் காற்று ஆளைத் தள்ளுகிறது. வழியில் பாக்சைட் வெட்டி எடுத்த இடங்கள் தெரிகின்றன. அங்கெல்லாம் மேல்மண்ணே போய்விட்ட பிறகு கன்று நடுவது, ஓட்டின் மேல் நாற்று விடுவது போல.

இறங்கும்போது அஸ்தம்பட்டி ஐயா அனுப்பிய கேள்வி: "நம் மலை பச்சையாகிவிட்டது என்றால் நமக்கு வேண்டிய மரம் எங்கிருந்து வருகிறது?" நல்ல கேள்வி, அவர் கட்சிக்கே எதிரான கேள்வி. தம்பி கட்டுகிற வீட்டுக்கு நிலைக்கதவு மரம் கேட்டபோது கடைக்காரர் காட்டியதில் பாதி கப்பலில் வந்தது. அதைவிட அருகில் இருக்கிறது பாருங்கள்: ரேஷன் பாமாயில், லிட்டர் 25 ரூபாய். என் அம்மா அதில்தான் பஜ்ஜி சுடுகிறார். அந்த எண்ணெய்ப் பனை வளர்வது பெரும்பாலும் இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும், பெரும்பரப்பு மழைக்காட்டை அழித்த நிலத்தில். வியட்நாமும் தன் காட்டில் வெட்டுவதைக் குறைத்தபோது லாவோஸ், கம்போடியா மரத்தை இறக்குமதி செய்தது. காசு வந்த ஊரில் காடு திரும்பும் என்ற கணக்கில் இந்தப் பகுதியைத் தனித் தாளில் எழுதி மறைத்துவிடுகிறார்கள். கடலை எண்ணெய் வாங்குங்கள் என்று ரேஷன் வரிசையில் நிற்பவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அரசு வாங்கும்போது எந்தத் தோட்டத்து எண்ணெய் என்று கேட்கலாம், அது முடியும்.

மே 12

அயோத்தியாப்பட்டணம் தம்பி: "அப்ப பஜ்ஜி சாப்பிடலாமா வேண்டாமா அண்ணா?" சாப்பிடு. எனக்கும் இரண்டு எடுத்து வை.

ஜூன் 1

காபி வாங்க வருகிறவர் இந்த வருடம் கைபேசியோடு வந்து தோட்டத்தின் எல்லையில் நடந்தார். ஐரோப்பாவில் 2023இல் ஒரு சட்டம். 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காடு அழித்த நிலத்தில் விளைந்த காபி, கொக்கோ, ரப்பர், பாமாயில் முதலியவை அங்கே நுழையக் கூடாது. நிலம் எங்கே என்று ஆயத்தொலைவோடு காட்ட வேண்டும். நடைமுறைத் தேதி தள்ளிப்போயிருக்கிறது. இருந்தாலும் வியாபாரிகள் இப்போதே தயாராகிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், அந்தச் சட்டம் எடுத்துக்கொள்ளும் விளக்கத்தில் மரநிழலில் பயிர் செய்கிற நிலம் காடல்ல, விவசாய நிலம். டேராடூனில் இருக்கும் வன அளவைத் துறையின் கணக்கில் காடு, பிரஸ்ஸல்ஸில் சட்டம் போட்ட ஐரோப்பாவின் கணக்கில் தோட்டம். ஒரே இரண்டரை ஏக்கர். மாமனார் கேட்டுவிட்டு, "எவன் காசு குடுக்கறானோ அவன் கணக்குலயே இருக்கட்டும்" என்றார்.

அஸ்தம்பட்டி ஐயாவுக்கு என் கடைசி வாதம் இதுதான், அவரும் நேற்று போனில் பாதி ஒத்துக்கொண்டார். தமிழ்நாட்டில் அப்போதிருந்த 23.7 சதவீத வன, மரப் பரப்பை 33 ஆக்குவோம் என்று 2022இல் பசுமை தமிழ்நாடு இயக்கம் தொடங்கியது. ஓக்கை நட்டே அந்த எண்ணை எட்டிவிடலாம். வேண்டியது அதுவல்ல என்றால், பட்டா நிலத்தில் பலா, நாவல், வேங்கை வைத்தவனுக்கு அதை எடுக்கும் உரிமையை நடும்போதே எழுதிக் கொடுக்க வேண்டும். நிற்கிறவரை ஒரு தொகையும் வேண்டும். யார் தருவது? திருமணிமுத்தாறு இந்த மலையில்தான் பிறக்கிறது. ஆனால் சேலம் குடிப்பது மேட்டூர்த் தண்ணீர், ஆற்றை நாம் சாக்கடையாகத்தான் பார்க்கிறோம். மலை வறண்டால் நம் குழாய் நிற்காது, அதனால்தான் நமக்கு உறைப்பதில்லை. இங்கே அவர் "அப்படியானால் நான் எதற்குத் தர வேண்டும்?" என்றார். சனிக்கிழமை காரில் மேலே போகிறீர்களே அதற்கு என்றேன். சிரித்தார். ஒத்துக்கொள்ளவில்லை.

ஜூன் 14

தோட்டத்து மரத்தை எண்ணினோம். சில்வர் ஓக் 212. கல்யாண முருங்கை 30 சொச்சம். மற்றவை மொத்தம் ஒன்பது: அத்தி இரண்டு, நாவல் மூன்று, வேங்கை ஒன்று, மூன்று மரத்துக்கு எனக்குப் பெயர் தெரியவில்லை, மாமியார் ஒரு பெயரும் மாமனார் வேறு பெயரும் சொல்கிறார்கள். ஓக் வெட்டும் இடத்தில் ஒன்றுக்கு ஒன்று நாவலும் பலாவும் வைக்கலாம் என்று வீட்டில் முடிவு. மாமனார் சம்மதித்தது பலாச் சுளைக்காக, என் வாதத்துக்காக அல்ல.

சேலத்து நர்சரியில் நாற்பது கன்று சொல்லி வைத்திருக்கிறேன். பஸ்ஸில் ஏற்ற மாட்டேன் என்கிறார் கண்டக்டர். வரும் ஞாயிறு குப்பனூர் வழியாக யாராவது வண்டியில் மேலே வருகிறீர்களா? டீசலுக்குத் தந்துவிடுகிறேன்.

ஜூன் 15

அஸ்தம்பட்டி ஐயா வருகிறாராம். டீசல் காசு வேண்டாமாம், பலா காய்த்ததும் ஒன்று வேண்டுமாம்.